ஒளுவுக்குப் பிறகு ஒட்டிய புருவம்

அடுத்தவர் முகத்தில் கரண்ட் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு நிம்மதியான தூக்கம் கிடையாது. ஊசி போடுகிறவர்கள், பல் பிடுங்குகிறவர்கள், சவரக்கத்தி பிடிக்கிறவர்கள் எல்லோரும் என் கட்சிதான், உங்களுக்கு விளங்கும். கண்டி டவுனில் ஓர் அழகு நிலையத்தில், முடி இல்லாத இடத்தில் முடி வைப்பது என் வேலை. தோலில் பசை பூசுவேன். உப்புப் போத்தல் மாதிரி ஒரு மெஷினில் பொடி இழைகளைப் போட்டு, சுவிட்சை அழுத்தி உதறுவேன். இழைகள் பாய்ந்துபோய்ப் பசையில் நட்டுக்குத்தாக நிற்கும்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். ஹந்தானைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு இதை விளக்கிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பௌதிகம் படிச்சது புருவம் நடவா?" என்றார்.

கம்பி

மெஷின் ஓடும்போது வாடிக்கையாளர் ஒரு பித்தளைக் கம்பியைக் கையில் பிடித்திருக்க வேண்டும். உடம்பில் ஏறும் மின் அதன் வழியாக நிலத்துக்குப் போய்விடும். த்ரீவீல் ஓட்டுகிற ஒருவர் தன் தாடியில் இருந்த வழுக்கையை மறைக்க வந்தார். "கம்பிய விடாதீங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தேன். பாதியில் போன் அடித்தது. விட்டுவிட்டார். தவறு விளங்கி மறுபடி கம்பியைத் தொடப் போனபோது விரல் நுனியில் 'சடக்' என்று ஒரு பொறி.

சட்டென்று சுவிட்சை அணைத்தேன். பெரிய ஆபத்தில்லை என்று படித்தவள்தான்; ஆனாலும் என் விரல் படித்திருக்கவில்லையே. அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "மிஸ், கரண்ட் போச்சா, நான் போயிட்டேனா?"

சொட்டுத் தண்ணீர்

அலவத்துகொடையிலிருந்து ரிஸ்னா தன் உம்மாவோடு வந்தாள். ஏதோ நோயில் புருவம் முழுக்க உதிர்ந்திருந்தது. பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். நிக்காஹ் நெருங்கிவிட்டது. மாப்பிள்ளைக்கு விஷயம் தெரியாது. தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்பது உம்மாவின் பயம். அந்தப் பயம் அப்படியே என் மேலும் ஏறிக்கொண்டது.

உம்மாவைத் தேற்ற நினைத்து, "கழுவினாலும் போகாது. ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே இறங்காது" என்றேன். உம்மா சிரித்தார். ரிஸ்னாவின் முகம் விழுந்துவிட்டது. தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவி ஒளு செய்யும்போது தண்ணீர் முகத்துத் தோலில் பட வேண்டுமாம். படாவிட்டால் ஒளு செல்லாது. எங்கள் கடையின் பெருமையே அவளுக்குத் தடையாகிவிட்டது.

"ஒரு நாளைக்குத்தானே, மகள்" என்றார் உம்மா. ரிஸ்னா என் பக்கம் திரும்பினாள். "ஒளு எடுத்துட்டு ஒட்டுவோம் மிஸ். ஒளு முறியாம நான் பாத்துக்கொள்றேன். முறிஞ்சா கழட்டிட்டு, திரும்ப ஒளு எடுத்து, புருவமில்லாமலே தொழுவேன்."

ஈர நாள்

கல்யாணத்தன்று மழை. ஈரத்தில் இழைகள் நிற்காது, சாணி மாதிரி அப்பிக்கொள்ளும். அவள் வீட்டு அறையில் தலைமுடி உலர்த்தியால் இழைகளைக் காய வைத்தேன். மருதோன்றிக் கையால் கம்பியைப் பிடித்தபடி, ஒளுவோடு அவள் அசையாமல் இருந்தாள். தடுமாறியது நான்தான். இடது புருவத்தை இரண்டு தரம் துடைத்துவிட்டுத் திரும்ப நட்டேன்.

கழிவறைக்குப் போனால் ஒளு முறியுமே என்று அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடிக்கப் பலூடா வந்தது, திருப்பி அனுப்பினாள். மாலையில் அசர் தொழுதாள், பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதாள். அப்போது மாப்பிள்ளையின் உம்மா வந்து அவள் முகத்தருகே குனிந்தார். என்னிடம் நேராகக் கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. என் பக்கம் திரும்பினார்; நான் மெஷின் பையைக் காலால் பின்னே தள்ளினேன். "நீங்கதானா மேக்கப்? வடிவான புருவம் இருக்கிற புள்ளைக்கு உங்களுக்கு என்ன வேலை?"

பஸ்ஸில் வந்த போன்

மறுநாள் காலை வேலைக்குப் போகும் ஹந்தானை பஸ்ஸில் இருந்தேன். ரிஸ்னாவின் பெயரோடு போன் அடித்தது. கல்யாணம் முறிந்துவிட்டது என்றே நினைத்தேன். எடுத்தேன்; பேசியது ரிஸ்னாதான். இரவு இஷா தொழுகைக்கு முன் ஒளு முறிந்துவிட்டதாம். சொன்னபடியே எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தொழுதாளாம். திரும்பினால் வாசலில் மாப்பிள்ளை.

"என்ன சொன்னார்?" என்றேன். 

"புருவத்த இழுத்தெடுக்கக்குள்ள நொந்ததா எண்டு கேட்டார், மிஸ்."

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குள் போன் கை மாறியது; மாப்பிள்ளையின் குரல், ரகசியமாக: "மிஸ், எங்கட உம்மா பத்து மணிக்கு இங்க ரிஸ்னா வீட்டுக்கு வாறாவாம். அவவுக்கு நான் மெதுவா சொல்லிக்கொள்றேன். இண்டைக்கு மட்டும் சுருக்கா மெஷினோட வர ஏலுமா?"

பட்டம் தராத தைரியத்தை இந்த வேலையும் தரவில்லை. ஆனால் அந்த 'இண்டைக்கு மட்டும்' இன்னும் முடியாததால், மெஷினை மடியில் வைத்துக்கொண்டு அலவத்துகொடைக்குப் போக, பஸ்ஸில் எந்த சீட் குறைவாகக் குலுங்கும் என்பது இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.