பந்தைக் கொடுத்தவள் நிற்கக்கூடாது

பழைய அணியில் இருந்த ஐந்து பேரில் அந்த ஆண்டு நான் மட்டும்தான் மிஞ்சினேன். இரண்டு பேருக்குக் கல்யாணமாகிவிட்டது. ஒருத்தி நர்ஸ் படிப்புக்கு வேலூர் போனாள். இன்னொருத்தி, அப்பாவுக்கு மாற்றலாகி, ரயிலேறிப் போய்விட்டாள்.

ராயபுரத்தில் நான் படித்த பள்ளியின் மைதானத்தில், முன்னாள் மாணவிகளும் பெரிய வகுப்புப் பெண்களும் சேர்ந்து மாலையில் கூடைப்பந்து ஆடுவோம். அப்போது நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையின் வரைபட அறையில் டிரேசராக வேலை பார்த்தேன். மூத்த வரைவாளர்கள் பென்சிலில் போட்ட படத்தின் மேல், அடியிலுள்ள கோடு தெரியும் மெழுகுத்துணியை விரித்து, மையில் நகல் எடுக்கிற வேலை. அறையில் நான் ஒருத்திதான் பெண். திருத்தம் இருந்தால் துண்டுக் காகிதத்தில் எழுதி மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியிலும் சாப்பாட்டு மணியோடு பேச்சு முடிந்துவிடும். ஆக, நாள் முழுவதிலும் என்னை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவது அந்த மைதானத்தில் மட்டும்தான். அதை இழந்துவிடக்கூடாது என்பதுதான் என் கவலையெல்லாம்.

டிரில் டீச்சர் ஐந்து புதுப் பெண்களைச் சேர்த்தார். பதினாறு, பதினேழு வயது. யாரும் என் தோளுக்கு மேல் இல்லை. எழும்பூர் அணியோடு ஆட ஆறு வாரம் இருந்தது. ஆடும் முறையை வகுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்.

நான் ஒரு டிரேசர் செய்யக்கூடிய தவறைச் செய்தேன். பழைய அணியின் ஆட்டத்தை அப்படியே நகல் எடுத்தேன். ஐந்து வட்டம், ஐந்து எண், அம்புக்குறிகள். எல்லா அம்புகளும் கூடைக்கு அடியில் நிற்கும் ஐந்தாம் எண்ணுக்கே போயின. முன்பு அங்கே நின்றவள் எங்களிலேயே நெட்டையானவள். இப்போது கல்யாணமாகிப் போனவர்களில் ஒருத்தி. அந்த இடத்தில் என்னைப் போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரமாகியும் எதுவும் சரிவரவில்லை. பந்து என்னிடம் வரும். நான் திரும்புவதற்குள் எதிர்ப்பக்கம் ஆடுகிறவர்களில் மூன்று பேர் சூழ்ந்துகொள்வார்கள்.

"இன்னாக்கா, பந்தக் கட்டிப்புடிச்சிகினு தூங்கறியா?" என்றாள் புதியவர்களில் ஒருத்தி, காசிமேட்டு மீனவர் வீட்டுப் பெண்.

"நீங்க நின்ன இடத்துலயே நிக்கிறீங்க. நான் யாருக்குப் போடுறது?"

"நீதானக்கா படத்துல நிக்கச் சொன்னே! எங்க வூட்டாண்ட கரையில நின்னுகினு கரவலை இழுக்க சொல்ல பாத்துகிறியா? கவுத்துக் கடைசில கீறவன் கவுற வுட்டுட்டு தண்ணியாண்ட ஓடுவான். மறுபடி முன்னால புடிப்பான். அவன் பாட்டுக்கு நின்னுகினா வலை வருமா?"

"இவகிட்ட இன்னா கேட்டாலும் கடல்லதான் கொண்டுபோய் வுடுவா," என்றாள் கூட்ஸ் யார்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் கொருக்குப்பேட்டைக்காரி.

"உன்னாண்ட கேட்டா கூட்ஸ் வண்டி மாறி ரோசனை வரும். நவுரவே நவுராது."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது சரி என்று புரிந்துவிட்டது.

மறுநாள் புதுப் படம் போட்டேன். பந்தைக் கொடுத்தவள் நிற்கக்கூடாது. கூடையை நோக்கி ஓட வேண்டும். அவள் விட்ட இடத்துக்கு அடுத்தவள் நகர வேண்டும். யாருக்கும் நிரந்தரமான எண் கிடையாது. அன்று மாலையே பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பந்து கைக்குக் கை போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சுற்று அறுந்தபோதெல்லாம் மைதான ஓரத்தில் வைத்திருந்த நோட்டில் குறித்தேன். யாருக்குப் பிறகு, எந்தப் பக்கம், கொடுத்தவள் ஓடினாளா இல்லையா. பயிற்சி முடிந்து கூட்டிப் பார்த்தேன். ஏழு முறை அறுந்திருந்தது. அதில் ஐந்து முறை என்னிடம்.

இன்னும் நாலு நாள் ஆடிப் பார்த்தேன். வேகமாக ஓடினேன், மூச்சிரைத்ததே தவிர எண்ணிக்கை மாறவில்லை. வெள்ளிக்கிழமை டீச்சரிடம் கொடுத்த பட்டியலில் புதுப் பெண்கள் ஐந்து பேரையும் எழுதி, என் பெயரை மாற்று ஆட்டக்காரி என்ற இடத்தில் போட்டேன். டீச்சர் படித்தார். "நல்லா யோசிச்சியா?" என்றார். தலையாட்டினேன்.

எழும்பூரிடம் நான்கு புள்ளியில் தோற்றோம். ஆனால் முதல் பாதி முழுக்க அவர்கள் எங்கள் பெண்களைத் துரத்திக்கொண்டுதான் இருந்தார்கள். இடைவேளையில் தண்ணீர்ச் சொம்போடு போனேன். வாங்கிக் குடித்தார்கள், முகத்தைத் துடைத்தார்கள், ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து பேசினார்கள். "நீ ஏண்டி லேட்டா ஓடுனே?" "உன் பந்து லேட்டா வந்துச்சி!" சொல்வதற்கு என்னிடம் மூன்று குறிப்புகள் இருந்தன. இரண்டை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றாவதைச் சொல்வதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

திரும்பும்போது காசிமேட்டுப் பெண் என்னோடு ரயில்வே கேட் வரை நடந்து வந்தாள்.

"அக்கா, அடுத்த மேட்ச்சாவது நீ ஆடுவியா?"

"இல்ல. நீங்க அஞ்சு பேரே ஆடுங்க."

"சரிக்கா."

இன்னொரு முறை கேட்பாள் என்று கொஞ்சம் மெதுவாக நடந்தேன். கேட் திறந்தது. அவள் காசிமேட்டுப் பக்கம் ஓடினாள். நான் விடுதிக்குப் போனேன்.