புகை சாயும் இடம்

றீற்றா அக்கா போய்விட்டார் என்ற செய்தி, நான் வேலைக்குப் புறப்படச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் வந்தது. தொலைபேசியில், முன்பு எங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்த சுகந்தி. "அக்கா, எங்கடை றீற்றா அக்கா..." என்றாள். நான் மாட்டிய சப்பாத்தைக் கழற்றினேன். கோடை முழுவதும் அவர் மருத்துவமனையும் வீடுமாக அலைந்ததை ஊரை விட்டு வந்து ஸ்காபரோவில் குடியேறிய எங்கள் சனம் எல்லாம் அறியும். ஆனாலும் குளிர் தொடங்குகிற நேரத்தில் போவார் என்று நான் நினைக்கவில்லை. குளிருக்கு ஒருநாளும் வழி விட்டவர் அல்ல அவர்.

மன்னாரில் பிறந்தவர். மோர்னிங்சைட் பக்கத்துப் பிளாசா ஒன்றில், ஆணி, பூட்டு, பெயின்ற் விற்கும் கடையில் காசாளராக இருந்தார். கடையில் ஆள் குறைந்த நேரங்களில் பெட்டிகளின் முதுகில் அச்சடித்திருப்பதை எல்லாம் வாசித்துத் தள்ளுவார். எங்களில் பலர் அப்போதுதான் முதல் வீடு வாங்கியிருந்தோம். வீடு வாங்கத் தெரிந்ததே தவிர, அதைச் சூடாக வைத்திருக்கத் தெரியவில்லை. அதற்கு றீற்றா அக்கா கண்டுபிடித்த வழி, ஊரில் எல்லாருக்கும் பழக்கமான, கூலியில்லாமல் கூடிச் செய்யும் சிரமதானம். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் எல்லாரும் சேர்ந்து ஒருவர் வீட்டில் குளிர் நுழையும் இடுக்குகளை அடைப்போம். கதவு விளிம்புக்கு நுரைப் பட்டி, யன்னல் வெடிப்புக்குப் பசை, கூரைக்கடியில் பஞ்சு. மத்தியானச் சோறு மட்டும் வீட்டுக்காரர் பொறுப்பு. கறி சரியில்லை என்றால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

அவருடைய கருவி ஓர் ஊதுபத்தி. கொளுத்தியதைக் கையில் பிடித்தபடி யன்னல், கதவு, சுவர் மூலை என்று மெல்ல நடப்பார். புகை நேரே போனால் நல்லது. சாய்ந்தால் அங்கே குளிர் நுழைகிறது. சைவ வீட்டுக்குள் கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரப் பெண் ஊதுபத்தியோடு சுற்றுவதைப் பார்த்து, "ஐயரம்மா வந்திட்டா" என்று ஆண்கள் பகிடி பண்ணுவார்கள். "தட்சணை வேண்டாம், ஏணியைப் பிடியுங்கோ" என்பார். மீன் பொரிக்கத் திறந்த யன்னலைப் பிறகு மறந்துபோகும் எங்கள் பழக்கத்தோடு அவருக்குத் தீராத சண்டை. "மீன் மணம் உள்ளுக்கை நிண்டாலும் ஆரும் சாகமாட்டினம். சூட்டை வெளியிலை விடாதேங்கோ!"

நாங்கள் வீடு வாங்கியது அந்த ஆண்டுச் சிரமதானங்கள் முடிந்த பிறகு. முதல் குளிர்காலத்தில் எரிவாயுக் கட்டணத்தைப் பார்த்த என் கணவர், வீட்டை விற்றுவிட்டுப் பழையபடி அபார்ட்மென்ற்றுக்கே போவோம் என்றார். அந்த வீட்டை விட எனக்கு மனம் இல்லை. ஜனவரியில் றீற்றா அக்காவைக் கூப்பிட்டேன். கீழே பேஸ்மென்றில் சுகந்தியும் கணவரும் கைக்குழந்தையோடு வாடகைக்கு இருந்தார்கள். சில நாட்களாகச் சுகந்திக்கு ஓயாத தலையிடி, பிள்ளை பால் குடித்தாலும் சத்தி எடுத்தது. எங்கும் தடிமன் காய்ச்சல் பரவியிருந்ததால் அதுதான் என்று இருந்துவிட்டோம்.

றீற்றா அக்கா மேல்வீட்டைச் சுற்றி முடித்துக் கீழே இறங்கினார். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில், அது எரிவதற்கு வெளிக்காற்றைக் கொண்டுவரும் தடித்த குழாய் ஒன்று உண்டு. அதன் வாயில் ஊதுபத்தியைப் பிடித்தார். புகை நேரே மேலே போனது. அடைப்பு நன்றாக இருக்கிறது என்று நான் மகிழ்ந்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இதாலை காத்து வரவேணும். ஏன் புகை ஆடாமல் நிக்குது?"

குழாய்க்குள் முழங்கை வரை கையை விட்டு இழுத்தார். என் கணவர் இடுப்பில் கட்டும் பழைய சாரம் சுருள் சுருளாக வந்தது.

"உது ஆர் அடைச்சது?"

"குளிர் வருது எண்டு நான்தான் அக்கா..." என்றார் என் கணவர்.

"தலையிடி ஆருக்கு எண்டு சொன்னனீங்கள்? சுகந்தி, பிள்ளையைத் தூக்கு. எல்லாரும் வெளியிலை போங்கோ! ஒண்டும் தேடாதேங்கோ, போர்வையோடை போங்கோ!"

போகிற வழியிலேயே யன்னல்களைத் திறந்துகொண்டு வந்தார். வாழ்நாள் முழுவதும் யன்னல் மூடச் சொல்லித் திட்டியவர், அந்த ஜனவரிக் குளிரில் எங்கள் வீட்டின் எல்லாக் கதவுகளையும் அகலத் திறந்து வைத்தார். பக்கத்து வீட்டிலிருந்து அவசர உதவிக்கு அழைத்தார். வந்தவர்கள் அளந்து பார்த்தார்கள். காற்றுக் கிடைக்காத ஃபேர்னஸ், மணமே இல்லாத நச்சுவாயுவைக் கக்கிக்கொண்டிருந்திருக்கிறது. சுகந்தியையும் பிள்ளையையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் ஓர் இரவு அங்கே படுத்திருந்தால் பிள்ளை தப்பியிராது என்று அங்கே சொன்னார்கள்.

என் கணவர் தலை குனிந்து நின்றார். றீற்றா அக்கா அவரைத் திட்டவில்லை. "வீட்டுக்கு வாயை மூடலாம் தம்பி, மூக்கை மூடக்கூடாது" என்று மட்டும் சொன்னார். ஃபேர்னஸைத் திருத்தியதும், தொடங்கிய வேலையை முடிக்க வந்தார். யன்னல்களுக்கு மெல்லிய பிளாஸ்ரிக் ஒட்டி, தலைமயிர் காயவைக்கும் மெஷினால் சூடு காட்டி மேளத்தோல் போல இறுக்கினார். அடுத்த கட்டணம் இறங்கி வந்தது. வீட்டை விற்கும் பேச்சு அன்றோடு போயிற்று. நச்சுவாயுவுக்கு எச்சரிக்கை மணி மாட்டாத வீட்டில் அதற்குப் பிறகு அவர் கை வைத்ததில்லை.

இறுதி மரியாதைக்கு மண்டபம் கொள்ளாத சனம். ஒருபக்கம் செபமாலை, ஒருபக்கம் திருநீற்று நெற்றிகள். யாரோ அவர் படத்துக்கு முன் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். புகை இடப்பக்கம் சாய்ந்தது. சிரமதானத்துக்குப் போன அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பக்கவாட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தோம். சுகந்தி எழுந்துபோய் அதை இழுத்துச் சாத்தினாள். அழுதுகொண்டிருந்த நாங்கள் சிரித்துவிட்டோம். இப்படி ஒரு பெண்ணோடு ஏணி பிடித்தோம் என்ற பெருமையில் எனக்கு நெஞ்சு நிறைந்தது.

சுகந்தி குடும்பம் இப்போது யூனியன்வில்லில் சொந்த வீட்டில் இருக்கிறது. அன்று போர்வையோடு வெளியே வந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். றீற்றா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அவர் எங்கள் வீட்டில் விட்டுப்போன பாதி ஊதுபத்திப் பெட்டியும், வீட்டைச் சுற்றிவரும் அந்த மெல்லிய நடையும்தான். போன சனிக்கிழமை ஒன்றைக் கொளுத்தி, யன்னல், கதவு எல்லாம் பார்த்துக் கடைசியாகக் கீழே இறங்கி, ஃபேர்னஸ் பக்கத்துக் குழாயின் வாயில் பிடித்தேன். புகை நன்றாகச் சாய்ந்தது.

"காத்து வருது அக்கா" என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.