அசையாதது மட்டும் பதியும்

இதை யாரிடம் சொன்னாலும் முதலில் கிடைப்பது பாராட்டு. அதுதான் என் எரிச்சல். நான் பல்கலைக்கழகத்தில் படித்தது டிஜிட்டல் மீடியா டிசைன். இல்லாததை இருப்பதுபோல் காட்டுவதற்கென்றே பட்டம் வாங்கியவன் "இது நிஜமாகவே நடந்தது" என்று சொன்னால் யார் கேட்பார்கள்? "சூப்பரா பண்ணியிருக்கடா, எந்த சாஃப்ட்வேர்?" என்கிறார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு புள்ளிகூட நான் சேர்த்தது இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதில் நடுராத்திரி கிடையாது. கரண்ட் போகவில்லை, நாய் ஊளையிடவில்லை. எல்லாமே பட்டப்பகலில் நடந்தது. இருட்டைவிடப் பகல்தான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைசி வருடம் நான் அக்கா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடியில் வாடகை வீடு. அத்தானுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதிக்கு மேல் கடலில்தான் இருப்பார். அக்கா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அவர்களுக்கு ஒரே பெண், ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர், வீட்டில் வாலு. ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். சாப்பிடும்போதும் ஓட்டம், பல் தேய்க்கும்போதும் ஓட்டம். "இவளக் கட்டி மேய்க்க என்னால ஆகாதுடா" என்று அக்கா தினமும் ஒரு தடவையாவது புலம்புவாள். விடுமுறை நாட்களில் மேய்க்கிற வேலை என்னுடையது. திட்டிக்கொண்டேதான் செய்வேன். ஆனால் அவள் என்றால் எனக்கு உயிர்.

கடைசி செமஸ்டரில், முப்பரிமாணப் பாடம் எடுக்கும் த்ரீடி சார் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார். நாம் வசிக்கிற வீட்டில் ஏதாவது ஒரு அறையை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டிக் காட்ட வேண்டும். கையால் வரைவது கிடையாது. அறையைச் சுற்றிச் சுற்றி வந்து, எல்லாக் கோணத்திலும் நூற்றுக்கணக்கில் போட்டோ எடுக்க வேண்டும். எந்தெந்தப் பொருள் எல்லாப் போட்டோக்களிலும் அதே இடத்தில் இருக்கிறது என்று சாஃப்ட்வேர் ஒப்பிட்டுப் பார்க்கும். பார்த்து, அந்த அறையை அச்சு அசலாக எழுப்பிவிடும். சுவரில் உள்ள விரிசல்கூட வரும்.

ஆனால் அசைகிற எதுவும் வராது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குறுக்கே நடந்துபோனால், ஒரு போட்டோவில் இங்கே இருப்பார், அடுத்ததில் அங்கே இருப்பார். சாஃப்ட்வேர் அவரைக் கழித்துக் கட்டிவிடும். ஒரு ஆள் தெளிவாகப் பதிய வேண்டுமென்றால், முதல் போட்டோவிலிருந்து கடைசிப் போட்டோ வரை அப்படியே நிற்க வேண்டும். மூச்சு விட்டாலே நமக்குத் தோள் அசையும். "மனுஷன் பதியணும்னா பொணமாத்தான் நிக்கணும்" என்று சார் வகுப்பில் ஜோக் அடித்தார். நாங்களும் சிரித்து வைத்தோம்.

நான் எடுத்துக்கொண்டது வாலுவின் அறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், மூலையில் வீட்டுக்காரர் விட்டுவைத்த மர அலமாரி. வெயில் அடித்தால் நிழல் நகர்ந்து வேலையைக் கெடுக்கும் என்பதால், மேகமூட்டமான ஒரு வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தேன். மதியம் 1.20க்கு ஆரம்பித்தேன். அக்கா கடையில் இருந்தாள். வாலு பள்ளியில் இருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான்.

போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத் தூங்கிப்போனேன். எழுந்து பார்த்தபோது அறை தயாராக இருந்தது. கட்டில் பிரமாதமாக வந்திருந்தது. போர்வையின் சுருக்கம்கூடத் தப்பவில்லை. எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் மூலையைப் பார்த்தேன்.

அலமாரிக்குப் பக்கத்தில் ஏதோ நின்றுகொண்டிருந்தது. வாலுவின் பள்ளிச் சீருடை ஹேங்கரில் தொங்குகிறது என்று நினைத்தேன். எழுந்துபோய் அந்த மூலையைப் பார்த்தேன். அங்கே ஹேங்கரும் இல்லை, ஆணியும் இல்லை. வெறும் சுவர்.

திரும்பி வந்து பெரிதாக்கினேன். இரண்டு கால்கள். உடம்போடு ஒட்டிய இரண்டு கைகள். தலை. முகம் மட்டும் உருகிய மெழுகு மாதிரி வழுவழுவென்று இருந்தது. ஒரு குழந்தையின் உயரம்.

போட்டோக்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் அந்த மூலை காலியாக இருந்தது. சுவர் பளிச்சென்று தெரிந்தது. சரி, சாஃப்ட்வேர் எதையோ உளறியிருக்கிறது, வெட்டி எறிந்துவிடலாம் என்று அந்த உருவத்தை அழித்தேன்.

அது நின்ற இடத்தில், சுவரில் ஓர் ஓட்டை இருந்தது.

குழந்தை வடிவத்தில் ஓட்டை.

மறுநாள் த்ரீடி சாரிடம் காட்டினேன். முதலில் முறைத்தார். "என்கிட்டயே விளையாடறியா? எங்கேர்ந்து எடுத்து ஒட்டின?" நான் போட்டோக்களைக் கொடுத்தேன். லேபில் இருந்த பெரிய கம்ப்யூட்டரில் அவரே ஏற்றி, அவரே கட்டிப் பார்த்தார். அதே மூலை. அதே உருவம். அவரும் அழித்தார். அதே ஓட்டை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓட்டை விழக் கூடாதே" என்றார். "போட்டோல சுவர் தெரியுதுல்ல, அது பின்னாடி வந்திருக்கணும். சாஃப்ட்வேர் அந்தச் சுவரப் பார்க்கவே இல்லன்னா... நடுவுல ஏதோ மறைச்சிருக்கு."

"என்ன சார் மறைச்சிருக்கும்?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "திங்கக்கிழமை கடைசி நாள். மறுபடியும் எடுத்துட்டு வா" என்றார். நான் கதவு வரை போனதும் கூப்பிட்டார். "வீட்ல சின்னக் குழந்தைங்க இருக்கா?"

"அக்கா பொண்ணு இருக்கா சார்."

"எடுக்கும்போது அந்த ரூமுக்குள்ள விடாத."

விடக் கூடாது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மறுநாள் சனிக்கிழமை. பள்ளி கிடையாது. அக்காவுக்குக் கடையில் முழு நாள் வேலை. வாலுவை ஹாலில் விட்டு அறைக் கதவைச் சாத்தினால், கதவை இடித்தே உடைத்துவிடுவாள். பூட்டி வைத்துவிட்டு வேலை பார்க்க எனக்கு மனசும் வரவில்லை. அதனால் ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தேன்.

"வாலு, மாமா போட்டோ எடுக்கிற வரைக்கும் நீ ஓடிட்டே இருக்கணும். நின்னா கம்ப்யூட்டர் உன்னப் பிடிச்சுக்கும்."

"ஓடினா?"

"ஓடினா பிடிக்க முடியாது."

அவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? குதித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். காலை 11.05க்கு முதல் போட்டோவை எடுத்தேன்.

தட் தட் தட் தட்... ஹாலுக்கு ஓடினாள். தட் தட் தட்... அறைக்குள் வந்து என் பின்னால் ஓடினாள். ஒரு தடவை என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துவிட்டுப் போனாள். "ஏய், கேமரா ஆடுது" என்று திரும்பாமலே அதட்டினேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தம் எனக்குத் தைரியமாக இருந்தது. மூலையையும் எடுத்தேன். காலியான மூலை. வெறும் சுவர். க்ளிக். க்ளிக்.

11.50க்குக் கடைசிப் போட்டோ.

காலடிச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"போதும் வாலு, முடிஞ்சுது" என்று திரும்பினேன்.

பின்னால் யாரும் இல்லை.

"வாலு?"

"ம்."

பதில் நான் அதுவரை படம் எடுத்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து வந்தது. அலமாரி மூலையிலிருந்து.

அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. இப்போதுதான், சில விநாடிகளுக்கு முன்புதான், அந்த மூலையைப் படம் எடுத்தேன்...

"எப்போ அங்க போன?"

"நான் இங்கதான மாமா இருந்தேன்."

முக்கால் மணி நேரம் ஓடிய குழந்தை. நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. மூச்சு வாங்கவில்லை. தொட்டுப் பார்த்தேன். கை சில்லென்று இருந்தது.

"நீதானே ஓடின?"

இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் கேட்டாள்.

"நான் மாட்டிக்கிட்டேனா மாமா?"

அவளைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடிவந்தேன். போட்டோக்களை ஏற்றினேன். ஏற்றாமல் இருந்திருக்கலாம். ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவளை மடியில் வைத்துக்கொண்டு, திரையை அவள் பக்கம் காட்டாமல் திருப்பிவைத்துக் காத்திருந்தேன். அவள் மடியை விட்டு இறங்கவே இல்லை.

3.40க்கு அறை வந்தது.

மூலையில் இரண்டு பேர்.

ஒன்று, பழைய உருவம். முகம் இல்லாதது.

இன்னொன்றுக்கு முகம் இருந்தது. இரட்டைக் குடுமி. வலது காதுக்கு மேல் பட்டாம்பூச்சி க்ளிப். சாஃப்ட்வேர் ஒரு முடியைக்கூட விடவில்லை.

இரண்டும் கை கோத்துக்கொண்டிருந்தன.

போட்டோக்களைத் திறந்தேன். எல்லாவற்றிலும் அந்த மூலை காலி...

அக்காவுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டே பாதி வேலையில் ஓடிவந்தாள். திரையைக் காட்டினேன். "என்னடா இது, இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று முதலில் கத்தினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வாலுவை வாரி எடுத்து, கையையும் காலையும் தடவித் தடவிப் பார்த்தாள். மாற்றுத் துணி மட்டும் எடுத்துக்கொண்டோம். ஐந்து மணிக்கு அந்த வீட்டை விட்டு இறங்கினோம். சாமான்களை எடுக்கக்கூட நான் போகவில்லை, ஆட்களை அனுப்பினோம்.

இரண்டு கோப்புகளையும் அழித்துவிட்டேன். ப்ராஜெக்ட்டுக்கு எங்கள் வகுப்பறையையே படம்பிடித்துக் கொடுத்தேன். அதில் நாற்காலிகள் மட்டும்தான் வந்தன. த்ரீடி சார் எதுவும் கேட்காமல் மதிப்பெண் போட்டார்.

புது வீடு நல்ல வீடு. வெளிச்சமாக இருக்கும். நாங்கள் தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். வாலுவும் தொந்தரவு செய்வதில்லை. "வளர்ந்துட்டாடா. எவ்ளோ சமத்தா இருக்கா பாரு" என்று அக்கா எல்லோரிடமும் பூரித்துப்போய்ச் சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பினேன். அப்படி நம்பத்தான் ஆசைப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, பள்ளி விடுமுறையில் ஒரு நாள். அக்கா கடைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் 4.20க்கு எனக்கு ஒரு போன் வந்தது. பழைய வீட்டுக்கு எதிரே, அதே மாடியில் ட்யூஷன் எடுக்கும் டீச்சர். அத்தான் அனுப்பிய பார்சல் பழைய முகவரிக்குப் போக, அவர் வாங்கி வைத்திருந்தார்.

பார்சல் விஷயம் பேசி முடித்ததும் கேட்டுவிட்டேன். "டீச்சர், எங்களுக்கு முன்னாடி அந்த வீட்ல யார் இருந்தாங்க?"

"ஒரு புருஷன் பொண்டாட்டி. ஒரு பொண்ணு. உங்க வாலு மாதிரியே துறுதுறுன்னு ஓடிட்டே இருப்பா."

"அந்தப் பொண்ணு... செத்துப்போச்சா?"

"ஐயையோ, வாயக் கழுவு. உயிரோடதான் இருக்கா. ஆனா திடீர்னு ஒரு நாள் ஓட்டம் நின்னுபோச்சு. சமத்தாயிட்டான்னு அவங்கம்மாவுக்கு மொதல்ல சந்தோஷந்தான். அப்புறம் பாத்தா, உக்கார வெச்சா உக்காந்த இடம், நிக்க வெச்சா நின்ன இடம். அவங்க பாக்காத டாக்டர் இல்ல. போன மாசம்கூடப் பேசினேன். அப்படியேதான் இருக்காளாம்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சரி, பார்சல் வாங்க வரும்போது அந்தப் பசங்களக் கொஞ்சம் மெதுவா ஓடச் சொல்லு. எங்க வீட்டுச் சுவரே அதிருது."

"எந்தப் பசங்க டீச்சர்? நாங்க காலி பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு."

"காலி பண்ணிட்டீங்கன்னாங்க. ஆனா பகல் பூரா ரெண்டு புள்ளைங்க ஓடுதே... இப்பகூட ஓடுது. கேக்கல உனக்கு?"

போனில் கேட்டது.

தட் தட் தட் தட்...

நான் திரும்பிப் பார்த்தேன். வாலு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காலையில் தலை வாரிவிட்டு அக்கா உட்கார வைத்த அதே ஸ்டூல். மதியம் அவள் மடியில் நான் வைத்த சாப்பாட்டுத் தட்டு, வைத்தபடியே இருந்தது.