திருப்பூரில் சுருட்டுக்காரன் படம்

சினிமாக் கொட்டகை மேனேஜர் தினமும் ஓசியில் படம் பார்க்கிறான் என்றொரு நம்பிக்கை இந்த நாட்டில் வேரூன்றியிருக்கிறது. சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்பதற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த பெரும்பிழை இதுவென்று கருதுகிறேன். மேனேஜர் பார்ப்பது காலி நாற்காலிகளை. நாற்காலி நிறைந்துவிட்டால், யார் பீடி பற்றவைக்கிறார் என்பதை. படம் என்பது அவன் முதுகுக்குப் பின்னால் கேட்கும் ஒரு சத்தம்.

தனக்குப் பிடித்ததை ஊருக்கும் பிடிக்கவைக்கலாம் என்று கிளம்பி, நொந்து வீடு திரும்பியவர்களே, நீங்கள் எல்லோரும் என் பங்காளிகள். எழுபதுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு கொட்டகைக்கு நான் மேனேஜர். மற்றக் காட்சிகளுக்கு முதலாளி படம் தேர்ந்தெடுப்பார். ஞாயிறு காலை ஆங்கிலப் படக் காட்சி மட்டும் என் பொறுப்பு. வாரத்தின் மிச்ச நாட்களை நான் சகித்துக்கொண்டதே அதற்காகத்தான்.

ஊரார் வேண்டாமென்றது

அமெரிக்கக் குதிரைவீரர்களைப் பற்றி இத்தாலிக்காரர்கள் ஸ்பெயின் நாட்டுப் புழுதியில் எடுத்த படம் ஒன்று எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அதைப் போட முதலாளியிடம் அனுமதி கேட்டேன். சும்மா கேட்டிருக்கலாம். கதாநாயகனின் வரலாற்றையும் சேர்த்துச் சொன்னேன். அமெரிக்கர், தம் நாட்டில் டெலிவிஷன் தொடர் ஒன்றில் இரண்டாம் இடத்துக் குதிரைக்காரராகக் காலம் தள்ளியவர், பெரிய நடிகர்கள் மறுத்த வேடத்துக்காகக் கடல் கடந்து இத்தாலி போனார், அங்கே கொடிகட்டிப் பறந்தார் என்று விளக்கினேன்.

முதலாளி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "அவிய ஊர்லயே ரெண்டாவது ஆளு. மத்தவிய வேண்டாம்னு சொன்ன வேசம். அதைப் புடிச்சாந்து நம்ம ஊர்ல காட்டறீங்களாக்கும்? செரி, காட்டுங்க. இதுவும் காத்தாடுச்சுன்னா ஞாயித்துக்கெழமக் காலைக் காட்சியவே நிறுத்திப்போடலாமுங்க."

வசனம்

சுவரொட்டியில் கதாநாயகன் சுருட்டைக் கடித்துக்கொண்டிருந்ததால், ஊர் அதற்குச் 'சுருட்டுக்காரன் படம்' என்று பெயர் வைத்துவிட்டது. முதல் ஞாயிறு கூட்டம் சொற்பம். நீதிமன்றக் காட்சியில் மூச்சுவிடாமல் பேசுகிறவரே கதாநாயகன் என்று பழகிய ஊர் இது. இவரோ பேசுவதில்லை. கண்ணைச் சுருக்குவார், காற்றடிக்கும், மறுபடி கண்ணைச் சுருக்குவார்.

இடைவேளையில் ஒரு தறிக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, இவரு ஊமைங்களா?"

"இல்லீங்க. குறைவாகப் பேசுவது அவருடைய பாணி. உலகமே அதைத்தான் மெச்சுகிறது" என்று தொடங்கி, மௌனத்தின் மேன்மை பற்றி சோடா தீரும்வரை உரையாற்றினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு புட்டியைத் திருப்பிக் கொடுத்தபடி சொன்னார்: "அதில்லீங்க. எதுக்க வர்ற ஆள எல்லாம் மொதல்லயே சுட்டுப்போடறாரு. அப்பறம் ஆருகிட்டப் பேசறதுங்க?"

ஓட்டைப் போர்வை

இரண்டாம் ஞாயிறு அரங்கு நிறைந்தது. என் ரசனைக்கு ஊர் தலைவணங்கிவிட்டது என்று நெஞ்சு நிமிர்ந்து நின்றேன். நிமிர்ந்த நெஞ்சு இடைவேளை வரைதான் தாங்கியது. நடுவில் ஓட்டை போட்ட போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஒருவன் வருகிறானாம், அடியாட்கள் முழுக்கைப் பனியனோடு புரண்டு சண்டை போடுகிறார்களாம் என்று பனியன் கம்பெனிகளில் சேதி பரவியிருந்தது. வந்தவர்கள் துணி பார்க்க வந்தவர்கள்.

"அண்ணா, அந்தக் குண்டன் போட்டிருக்கற பனியன் பின்னலு ரிப்புங்களா, இன்டர்லாக்குங்களா?" என்று ஒரு பனியன் கம்பெனிப் பையன் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டான்.

"அவந்தான் செத்துட்டானே கண்ணு."

"செத்தா என்னுங்க? குண்டு பாஞ்சும் பின்னல் பிரிஞ்சு ஓடலை, பாத்தீங்களா?"

காதர்பேட்டைத் துணி மொத்த வியாபாரி அன்வர் பாய் மட்டும் போர்வையைப் பற்றி என்னிடம் விசாரித்தார். ஒருவராவது கதாநாயகனைப் பற்றிக் கேட்டாரே என்று உருகிப்போய், அந்த நடிகர் அதே போர்வையை மூன்று படங்களில் அணிந்திருக்கிறார் என்ற அரிய தகவலை வழங்கினேன். பாயின் முகம் இருண்டது. "மூணு படத்துக்கு ஒரே போர்வைங்களா? இந்தாளு மாதிரி நாலு பேரு இருந்தாப் போதுமுங்க, நம்ம யாவாரம் படுத்துக்கும்."

கண்கள்

மூன்றாம் ஞாயிறு முதலாளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசிச் சண்டையை அவர் பார்த்துவிட்டால் போதும், காலைக் காட்சி பிழைத்துவிடும் என்று நம்பினேன். அந்தக் கட்டத்தில் எதிரிகள் வட்டமாக நின்று ஒருவரையொருவர் முறைப்பார்கள். அசையமாட்டார்கள். திரை முழுக்க ஒரு ஜோடிக் கண்கள், பிறகு இன்னொரு ஜோடி. இசை ஏறிக்கொண்டே போகும். முதலாளி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். பனியன் பேச்சு அடங்கியது. அத்தனை பெரிய அமைதியை அந்தக் கொட்டகையில் நான் கண்டதில்லை.

சட்டென்று திரை இருண்டது. அரங்கின் விளக்குகள் எரிந்தன.

கேபினுக்கு ஓடினேன். ஆப்பரேட்டர் மாரப்பன் வியர்த்துக் கொட்டி நின்றார். புரொஜெக்டரில் பிலிம் சிக்கி நின்றால் கார்பன் விளக்கின் சூட்டில் கண்ணிமைக்கும் நேரத்தில் பொசுங்கிவிடும். அது அவருடைய தீராத பயம். கேபின் ஒலிபெருக்கியை ஆங்கிலப் படத்துக்கு அவர் போடுவதேயில்லை. பாஷை புரியாததைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? ஆகையால் இசை அவருக்குக் கேட்கவில்லை. துவாரம் வழியாகப் பார்த்திருக்கிறார், அசையாத கண்கள். விளக்கை அணைத்து இயந்திரத்தை நிறுத்திவிட்டார். "அதுதான் மாரப்பா காட்சியே!" என்று அலறினேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஆடாத படம் எரியற படமுங்க. படப் பொட்டியக் காப்பாத்திப் போட்டனுங்க."

ஆர் ஜெயித்தது

பிலிமை மறுபடி மாட்டி, நான் கீழே வருவதற்குள் அரங்கு காலி. விளக்கு எரிந்தால் படம் முடிந்தது என்று பொருள்; தவிர, ஞாயிறு மதியம் வீட்டில் கறிச்சோறு. யாரும் ஏமாற்றமாகத் தெரியவில்லை. பின்னல் பற்றிப் பேசிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போனார்கள். யார் சுட்டார், யார் விழுந்தார் என்று ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்துக் கேட்கவில்லை.

முதலாளி மட்டும் உட்கார்ந்திருந்தார். முடிவைப் போட்டுக் காட்டட்டுமா என்று கெஞ்சினேன். அந்த நடிகர் இப்போது தம் நாடு திரும்பிப் பெரிய நட்சத்திரமாகிவிட்டார், சொந்தமாகப் படம் இயக்கவும் தொடங்கிவிட்டார் என்றெல்லாம் வாதாடினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அவரு பொழச்சுக்குவாருங்க. நம்ம சனம் பனியன் பாக்கத்தானுங்க வருது, அதுக்கு நடுவுல படம் எதுக்குங்க?"

கலைக்கு நான் ஆற்றிய தொண்டு இவ்வளவுதான்: அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குத் திரைக்கு முன்னால் குறுக்கே கயிறு கட்டி, விற்பனைக்குப் பனியன்களைத் தொங்கவிட்டார்கள்.