தம்பியின் தலைமயிரும் ஒரு குதிரைக்குட்டியும்

எங்கள் குடும்பம் விடுமுறைக்குப் போவதென்றால் லண்டன், பாரிஸ், ரொறொன்ரோ மூன்றில் ஒன்றுதான். எந்த ஊருக்குப் போனாலும் சொந்தக்காரர் வீட்டு வரவேற்பறையில் மெத்தை விரித்துப் படுத்து, ஒரு சாமத்தியச் சடங்கு பார்த்து, நாலு சேலைக்கடை ஏறி இறங்கி, டென்மார்க்கில் நாங்கள் இருந்த ஹேர்னிங்குக்குத் திரும்புவோம். எனக்கு ஒன்பது வயதான கோடையில் அப்பா, "இந்த முறையாவது சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத இடத்துக்குப் போவம்" என்றார். கடற்கரைப் பக்கம் ஒரு கோடைக்குடிலை நினைத்துத்தான் அந்த மனுசன் சொல்லியிருப்பார். அம்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மங்கோலியாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

காரணம் அன்ரி. அம்மாவோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்த மங்கோலியப் பெண்ணைத்தான் நாங்கள் அன்ரி என்று கூப்பிட்டோம். இருவரும் டேனிஷ் மொழியை ஆளுக்கொரு விதமாக உடைத்துப் பேசுவார்கள். அது டேனிஷ்காரருக்கு விளங்குவது அரிது. இவர்களுக்குள் மட்டும் ஒரு குறையும் இராது. அன்ரியின் அண்ணன் அங்கே புல்வெளியில் ஆடும் குதிரையும் மேய்ப்பவர். அவருடைய மகளுக்கு அந்தக் கோடையில் ஒரு விழா, நீங்களும் வந்தே ஆகவேண்டும் என்றார் அன்ரி. அங்கே மின்சாரம் சரியாக இராது என்று அவர் எவ்வளவோ சொல்லியும் அம்மா பெட்டிக்குள் ரைஸ் குக்கரை வைத்தார். ஒரு பாதுகாப்புக்காம்.

இனித் தம்பியின் தலைமயிரைப் பற்றிச் சொல்லவேண்டும். தம்பி நாள் நிரம்பாமல் பிறந்து ஐந்து கிழமை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவன். பிள்ளை தப்பிவிட்டால் முதல் மயிரை ஊர் முருகன் கோயிலில் வந்து இறக்குவேன் என்று அம்மா அப்போது நேர்த்தி வைத்தார். பிள்ளை தப்பினான், கொழுத்தான், மூன்று வயதில் கதிரையைத் தூக்கி எறியும் பலமும் வந்தது. யாழ்ப்பாணம் போவது மட்டும் நடக்கவில்லை. ஒரு வருடம் டிக்கெட் விலை, ஒரு வருடம் அப்பாவின் வேலை, மற்ற வருடம் அங்கே வெயில் கூடுதலாம். மயிர் தோளைத் தாண்டி வளர்ந்துகொண்டே இருந்தது. பாலர் பாடசாலையில் அவனை என் தங்கை என்றார்கள். காலையில் அந்தச் சிக்கை எடுத்துப் பின்னிவிடுவது என் பொறுப்பு. அவன் கத்த, நான் இழுக்க, அது ஒரு யுத்தம். அம்மா வேறு யாரையும் கத்தரிக்கோலோடு அவன் பக்கம் அண்டவிட மாட்டார்.

விமானம் இறங்கி, அன்ரியோடு ஒரு வான் வண்டியில் ஒன்றரை நாள் ஓடினோம். பாதை என்று ஒன்று இல்லை. சாரதி தனக்குப் பிடித்த பக்கமாகப் போனார். கடைசியில் புல்லுக்கு நடுவே இரண்டு வெள்ளை வட்டக் கூடாரங்கள் தெரிந்தன. கம்பளியால் மூடிய அந்தக் கூடாரம்தான் அவர்களுக்கு வீடு. உள்ளே நடுவில் அடுப்பு, சுற்றிவரக் கட்டில்கள்.

அப்பாவுக்குப் புளித்த குதிரைப்பால் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். கொடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர், கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் குடித்தார். கிண்ணம் வெறுமையானால் நிரப்பவேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். உடனே நிரப்பினார்கள். இரு பக்கமும் விட்டுக்கொடுக்காததால் ஐந்து கிண்ணம் போனது. அப்பாவின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

மறுநாள் விழா. விழா என்றால் என்னவென்று அப்போதுதான் கண்டேன். அன்ரியின் அண்ணன் மகளுக்கு நாலு வயது. அவள் தலையில் பிறந்ததிலிருந்து கத்தரி படவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக அவள் மயிரில் ஒரு கற்றை வெட்டி, ஏதோ முணுமுணுத்து, நீலப் பட்டுத்துணியில் போட்டார்கள். அதோடு அவள் கையில் ஒரு பரிசு. இனிப்பு, பொம்மை, காசு, ஒருவர் செம்மறிக்குட்டியே கொடுத்தார். நான் வாயைப் பிளந்தபடி இருந்தேன்.

அன்ரியின் அண்ணன் தம்பியைப் பார்த்தார். அவன் பின்னலைத் தூக்கிப் பார்த்துவிட்டு அன்ரியிடம் ஏதோ கேட்டார். அன்ரி என் பக்கம் திரும்பினார். "இவனுக்கும் இன்னும் வெட்டவில்லைத்தானே? ஆண்பிள்ளைக்கு மூன்று வயது சரியான வயது. தான் ஒரு குதிரைக்குட்டி தருவாராம். அம்மாவிடம் கேட்டு வா."

குதிரைக்குட்டி! தம்பிக்குக் கிடைப்பதில் பாதி எனக்கு என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அம்மா வெளியே, கொஞ்சம் தள்ளி, குதிரைப்பால் கறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கூடாரத்துக்குப் பின்னால் போய், ஒரு ஆட்டைப் பார்த்தபடி இருபது வரை எண்ணினேன். பிறகு உள்ளே வந்து, அம்மா ஓம் என்று சொன்னதாகச் சொன்னேன்.

அன்ரி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வெளியே போய்வந்தார். இறைச்சி வெந்துவிட்டதா என்று பார்க்கப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

தொடங்கியது. முதலில் அன்ரியின் அண்ணன், பிறகு அவர் மனைவி, பிறகு அயல் கூடாரத்துக்காரர்கள். தம்பி கல்லுப்போன்ற காய்ந்த தயிர்க்கட்டியைச் சூப்பிக்கொண்டு ராசா மாதிரி இருந்தான். கத்தரிக்கோல் அப்பாவிடம் வந்தபோது, அன்றைக்கும் கிண்ணமும் கையுமாக இருந்த அவருக்குக்கூடப் போதை கொஞ்சம் தெளிந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

அதற்கு மேல் விசாரிக்காமல் ஆசையாக ஒரு வெட்டு வெட்டினார்.

பதினாலு பேர் வெட்டி முடித்தபிறகு அம்மா வாசலில் நின்றார். தம்பியின் தலை எலி கடித்த தும்பு விளக்குமாறாக இருந்தது. மூன்று வருடம் முருகனுக்கென்று காத்த மயிர் நீலத்துணியில் கிடந்தது. முருகன் கோபித்துத் தம்பிக்கு ஏதாவது செய்துவிட்டால்? குதிரைக்குட்டி ஆசை அந்த இடத்திலேயே செத்துவிட்டது.

அன்ரியின் அண்ணன் இரண்டு கையாலும் கத்தரிக்கோலை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அன்ரியைப் பார்த்து, வெட்டும்போது எல்லாரும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். நீண்ட ஆயுளோடு இரு, நோய்நொடி இல்லாமல் இரு, அதைத்தான் சொல்கிறோம் என்றார் அன்ரி. பதினாலு பேருமா? பதினாலு பேரும்தான்.

அம்மா தம்பிக்கு முன்னால் முழந்தாளிட்டு, காதுக்குப் பின்னாலிருந்த கற்றையை வெட்டினார். "நல்லா இரு, ராசா" என்றார். அடுத்த கணம் ஓவென்று அழுதார். தாய் அழுவதும் எங்கள் வழக்கம் போலும் என்று நினைத்த அந்த வீட்டுப் பெண்களும் மரியாதைக்குச் சேர்ந்து அழுதார்கள். அப்பா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குதிரைக்குட்டி கபில நிறம். அது அங்கேயே மந்தையோடு வளரும், ஆனால் தம்பியுடையது என்றார்கள். எனக்கு அதைத் தொடவும் மனம் வரவில்லை.

திரும்பும் வழியில் இஸ்தான்புல் விமான நிலையத்தில் என்னால் தாங்க முடியவில்லை. "அம்மா, நான் உங்களைக் கேக்கேல்லை. பொய் சொன்னனான்" என்றேன்.

"தெரியும். சாப்பிடு" என்றார் அம்மா.

ஏச்சும் இல்லை, அடியும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் லண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் தொலைபேசி எடுத்து, "அதுகள் தெரியாமல் வெட்டிப்போட்டுதுகள், என்ன செய்யிறது" என்று சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. அம்மா மாதிரி ஒரு அம்மா உலகத்தில் இல்லை என்று உருகிப்போனேன். அந்த மார்கழியில் டிக்கெட் விலை உச்சத்தில் இருந்தது, அப்பாவுக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது, ஆனாலும் யாழ்ப்பாணம் போனோம். மிச்ச மயிரையும் நீலத்துணிப் பொட்டலத்தையும் பார்த்து ஐயர், இது என்ன என்று கேட்டார். "கொஞ்சம் வழியில இறக்கிப்போட்டம், ஐயா" என்றார் அம்மா.

பத்து வருடம் கழித்து நான் உயர்பள்ளி முடித்து, டென்மார்க் வழக்கப்படி வெள்ளைத் தொப்பி போட்ட நாளில் வீட்டில் விருந்து. அன்ரியும் வந்திருந்தார். நான் அந்தப் பொய்க்கதையை எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்கவைத்தேன். அன்ரி சிரிக்காமல் என்னைத் தனியே இழுத்துப்போனார். "ஒன்பது வயதுப் பிள்ளையின் சொல்லை நம்பி நான் இன்னொருத்தியின் மகனுக்கு முடி வெட்டுவேனா? வெளியே போய் உன் அம்மாவையே கேட்டேன்" என்றார்.

அம்மா கறக்கும் குதிரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாராம். மயிரை இறக்கினால் பிள்ளை பிழைத்துவிட்டான் என்று தானே வாயால் சொன்னதுபோலாகும், சொன்ன கையோடு மறுபடி ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வேன், அந்தப் பயத்தில்தான் இத்தனை வருடமும் ஊருக்குப் போகாமல் சாக்குச் சொன்னேன் என்றாராம். பிறகு, "நீங்கள் தொடங்குங்கள். என்னால் முதல் வெட்டு வெட்ட முடியாது. மகள் என்னைக் கேட்டதாகவே இருக்கட்டும்" என்றாராம்.

அன்றைக்கு அந்தக் கற்றையை வெட்டிவிட்டு அம்மா ஓவென்று அழுததை நான் கண்டேன். என் பொய்யால் வந்த அழுகை என்றுதான் நினைத்தேன்.