காணிக்கைப் பெட்டி வரை பன்னிரண்டு அடி

எங்கள் மகளை மிஷனரியாக ஆப்பிரிக்காவிலுள்ள மலாவிக்கு அனுப்பிய அன்று, செகந்திராபாத்திலிருந்து எங்கள் சபையார் இரண்டு வேன்களில் விமான நிலையம் வரை வந்தார்கள். வாசலில் நின்று பாட்டுப் பாடினார்கள். நான் வேனை விட்டு இறங்கவில்லை. யாராவது, "இப்போது தகப்பனார் ஒரு வார்த்தை ஜெபிப்பார்" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். மகள்தான் வேனுக்குள் வந்து என்னிடம் விடைபெற்றுக்கொண்டு போனாள்.

நான் பத்தாவது படித்தவன். ரயில்வே பணிமனையில் ஸ்டோரில் வேலை. ஜன்னலில் சீட்டை நீட்டுவார்கள், சாமானை எடுத்துக் கொடுப்பேன். பேச வேண்டிய அவசியம் அதிகம் இல்லை. என் கூச்சம் மகளுக்கும் அப்படியே இறங்கியிருந்தது. அவள் எப்படி இந்த ஊழியத்துக்குப் பெயர் கொடுத்தாள் என்பது எனக்கும் என் மனைவிக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

அவளை ஒரு சின்னக் கிராமத்தில் போட்டிருந்தார்கள். ஒரு விதவை அம்மாவின் வீட்டில் தங்கல். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும், பெண்களுக்கு வேதபாடம் நடத்துவதும் வேலை. ஊருக்கு வெளியே ஆள் உயரக் கரையான் புற்று ஒன்றின் மேல் ஏறி நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். புதன்கிழமைகளில் எங்களுக்கு மாலை ஏழு மணி ஆகும்போது அவள் புற்றில் ஏறி வீடியோ காலில் வருவாள்.

ஐந்தாவது புதன்கிழமை அவள் குரலே சரியில்லை.

"டாடி, பெரிய ப்ராப்ளம். இங்க காணிக்கை போட டான்ஸ் ஆடிட்டுப் போகணும்."

எங்கள் கோயிலில் காணிக்கைப் பை நம்மைத் தேடி வரும். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் கையை விட்டு எடுத்துவிட்டுப் பையைத் தள்ளிவிடலாம். அங்கே பெட்டி முன்னால் இருக்கிறது. மேளம் அடிக்க, பாட்டுப் பாட, வரிசை வரிசையாக எழுந்து ஆடிக்கொண்டே போய், மக்காச்சோளமோ முட்டையோ வைத்துவிட்டு, ஆடிக்கொண்டே திரும்புகிறார்கள். பல் போன பாட்டிகள்கூட இடுப்பை அசைக்கிறார்களாம். என் மகள் மட்டும் நற்கருணைக்குப் போவதுபோல் தலை குனிந்து நடந்து போயிருக்கிறாள். முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வேதபாடத்துக்கும் யாரும் வரவில்லை.

"ஆடாம போனா மனசுல ஏதோ கோவம்னு அர்த்தமாம். நம்ம ஊர்ல யாரு இந்தப் பொண்ண நோகடிச்சதுன்னு மீட்டிங் போட்டுப் பேசறாங்க. வர்ற சண்டே டவுன்லேர்ந்து மிஷன் இன்சார்ஜ் வர்றாரு. கோவம் தீரலேன்னா என்னைக் கூட்டிட்டுப் போய் ஆபீஸ்ல டைப் அடிக்க வெச்சிடுவாரு. நான் இங்கதான் இருக்கணும் டாடி."

அவள் இதுவரை எதையும் என்னிடம் 'வேண்டும்' என்று கேட்டதில்லை. ஜாமெட்ரி பாக்ஸ்கூட அவளுடைய அம்மாவாகப் பார்த்து வாங்கியதுதான்.

"அப்போ ஆடிட்டுப் போயேம்ட்டி" என்றாள் என் மனைவி. அவள் திருநெல்வேலிப் பக்கம், எதற்கும் கூசமாட்டாள்.

"ஆமா, ஆடத் தெரியுமா எனக்கு? தெருவுல தீன்மார் போனாக்கூட பால்கனி கதவ சாத்துனது யாரு?"

தீன்மார் என்பது இந்த ஊர் மேளம். கல்யாண ஊர்வலம், தேர்தல் வெற்றி, எதற்கும் அதுதான். அது கேட்டால் போக்குவரத்தை நிறுத்தி நிற்கிற போலீஸ்காரர் காலும் சும்மா இருக்காது. எங்கள் வீட்டில் மட்டும் கதவு மூடப்படும்.

"எனக்கு ஒண்ணு தெரியும்" என்றேன்.

நான்தான் சொன்னேன் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"என்ன தெரியும்?"

"தீன்மார் ஆட்டம். கூட வேலை செஞ்சவன் கல்யாண ஊர்வலத்துல இழுத்து விட்டுட்டாங்க."

"எப்போ?"

"நமக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி."

"எம்புட்டு நேரம் ஆடினிய?"

"ஸ்டேஷன்லேர்ந்து சிலகலகூடா வரைக்கும்."

"ஞாயித்துக்கிழமையா?"

"சனிக்கிழமை."

அதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல். "இத்தன வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன், ஒரு வார்த்த சொல்லல பாத்தியளா" என்று முணுமுணுத்தபடி எழுந்து போய், காலி அரிசி வாளியைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, ஆடுங்க. பிள்ள பாக்கட்டும்."

போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்தேன். பெட்டி வரை எத்தனை தூரம் என்று மகளைக் கேட்டேன். பன்னிரண்டு அடி என்றாள். எங்கள் கூடத்தில் டிவியிலிருந்து வாசல் கதவு வரை சரியாக அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். அது இல்லாவிட்டால் மகள் முகம் வெறும் மங்கல். மங்கலுக்கு முன்னால் ஆடலாம் என்று தோன்றியது.

மனைவி வாளியில் தட்டினாள். ஆட்காட்டி விரலை மேலே தூக்கி, முழங்காலை மடக்கி, தோளைக் குலுக்கி, முன்னால் மூன்று எட்டு, பின்னால் ஒரு எட்டு. முதல் தடவை லுங்கி தடுக்கியது. மடித்துக் கட்டிக்கொண்டேன்.

"ஒன்ஸ் மோர் டாடி!"

மூன்று தடவை ஆடிக் காட்டினேன். மூன்றாவது தடவை மழை கொட்டுவதுபோல் போனில் ஒரு இரைச்சல். சிக்னல் போய்விட்டது என்று நினைத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். மகள் போனைக் கீழே திருப்பிப் பிடித்திருந்தாள்; புற்றைச் சுற்றி முப்பது நாற்பது பெண்கள். கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா குழந்தையை எனக்குக் காட்டுவதற்காகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய்க் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டேன். மனைவி வெளியிலிருந்து சொன்னாள்: "மொதல் ரவுண்டுலேயே எல்லாரும் வந்துட்டாக. சொன்னா நிறுத்திப்புடுவியன்னு சொல்லல."

ஞாயிறு மாலை மகள் புற்றில் ஏறினாள்.

"என்ன ஆச்சு? ஆடினியாட்டி?"

"இல்ல மம்மி. மேளம் அடிச்சாங்க, எந்திரிச்சேன், நாலு ஸ்டெப் நடந்தேன், அப்படியே நின்னுட்டேன். கையே தூக்க வரல."

நான் போனில் சத்தத்தைக் கூட்டினேன்.

இன்சார்ஜ் எழுந்து, இந்தப் பெண்ணின் மனத்தாங்கல் தீரவில்லை போலிருக்கிறதே என்று சபையைக் கேட்டிருக்கிறார். அப்போது இவள் தங்கியிருக்கும் வீட்டு அம்மா எழுந்திருக்கிறார்.

"அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா டாடி? 'இது மனத்தாங்கல் இல்ல. இவளோட அப்பாவ நாங்க பாத்தோம். ஆளு நல்லா ஆடறாரு. ஆனா நாங்க பாக்கறோம்னு தெரிஞ்சதும் மூஞ்சியப் பொத்திட்டு ஓடிட்டாரு. அந்தக் குடும்பமே அப்படி. இவளுக்குக் கூச்சம், அவ்ளோதான்'னாங்க. எல்லாரும் ஆமா, ஆமான்னாங்க."

பிறகு பெண்கள் அவளைச் சுற்றி நின்று, முன்னும் பின்னும் இடித்து, பெட்டி வரை தள்ளிக்கொண்டே போய்விட்டார்களாம். இன்சார்ஜ் சாப்பிட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் தனியாகத் திரும்பிப் போய்விட்டார். நாளை பத்துப் பெண்கள் வேதபாடத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"நான் இங்கேயே இருக்கேன் டாடி."

ஒரு கூட்டத்தில் யாரோ எழுந்து நின்று என்னைப் பற்றி இவ்வளவு சரியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றேன்.

"இங்கதான் நிக்கறாங்க, பேசுங்க" என்று மகள் போனைத் திருப்பினாள்.

நான் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.