பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒளிந்த இடம்

ஒரு குழந்தை பயந்துபோய்க் கதவைத் தட்டியபோது நான் திறக்கவில்லை. அந்தப் பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளர் நான்தான்.

இதை நீங்கள் சிரித்துக்கொண்டே படிப்பீர்கள். படியுங்கள். சில இடங்களில் எனக்கே சிரிப்பு வருகிறது... அதற்கும் சேர்த்துத்தான் வெட்கப்படுகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. குவைத்தில், மங்காஃப் வட்டாரத்து இந்தியப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். அமெரிக்காவில் யாரோ துப்பாக்கியோடு பள்ளிக்குள் புகுந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பெற்றோர்கள் கலங்கிப்போனார்கள். இங்கே அப்படி நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நிர்வாகம் ஓர் ஆளைத் தேடியது. எனக்கிருந்த ஒரே தகுதி குரல். நான் மாடியில் திட்டினால் கீழே பஸ் டிரைவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பதவி வந்ததும் என் நடையே மாறிவிட்டது. கழுத்தில் விசில் வேறு! நானே விதிகள் வகுத்தேன். மணி நீளமாக அடித்தால் எல்லா வகுப்பும் கதவைப் பூட்டி, விளக்கணைத்து, மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். பொறுப்பாளர் மட்டும் வராந்தாக்களைச் சுற்றிவந்து, வெளியே ஒரு குழந்தையும் நிற்கவில்லை என்று பார்த்த பிறகே ஒதுங்க வேண்டும். இதை அசெம்பிளியில் அறிவித்தபோது கைதட்டினார்கள். நானும் கொஞ்சம் கண்கலங்கினேன்.

அதே உற்சாகத்தில், ஆபத்து நேரத்தில் குழந்தைகள் கூடும் இடத்தை மைதானத்தில் மஞ்சள் கோடு போட்டுக் காட்ட வேண்டுமென்று ஒரு பெயிண்டிங் கம்பெனிக்குப் போன் செய்து சொல்லியிருந்தேன். சொன்னதை மறந்தும் போனேன்.

ஒரு காலைப் பொழுதில் வரவேற்பில் இருந்த ஸ்டெல்லா வெளிறிய முகத்தோடு ஓடிவந்தாள். யாரோ ஒருவன் போனில், அங்கே எல்லோரும் பொதுவாகப் பேசும் இந்தியில் பேசினானாம். "கன்னை எடுத்துக்கிட்டு வந்துட்டு இருக்கேன், கேட்டைத் திறந்து வைங்க" என்றானாம். வேறெதுவும் சொல்லாமல் வைத்துவிட்டானாம்.

மணியை அடித்தேன். அதை மட்டும் சரியாகச் செய்தேன். ஸ்டெல்லாவைப் போலீசுக்குப் போன் செய்யச் சொன்னேன். பள்ளி முழுவதும் கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன. அடுத்து நான் வராந்தாக்களைச் சுற்ற வேண்டும். முதல் வராந்தாவின் பாதியிலேயே என் கால்கள் தாமாகத் திரும்பின. இயற்பியல் ஆய்வகத்துக்குள் புகுந்து, தாழிட்டு, மேசைக்கு அடியில் சுருண்டுகொண்டேன். விசில் சத்தம் போட்டுவிடுமோ என்று அதை வாயில் கவ்விக்கொண்டேன். மூச்சு விட்டபோது மெல்ல ஊதியது. துப்பிவிட்டேன்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

"சார், இட்ஸ் மீ. நிலோஃபர். சிக்ஸ்த் பி."

கீழக்கரைக் குடும்பத்துப் பெண். மங்காஃபில் அவள் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள். திரும்புவதற்குள் வகுப்பைப் பூட்டிவிட்டார்கள்.

"சார், நீங்க உள்ள போனதைப் பார்த்தேன். ப்ளீஸ் சார்."

எழுந்து ஒரு தாழ்ப்பாளைத் தள்ள எவ்வளவு நேரமாகும்? நான் என்ன செய்தேன் தெரியுமா? குரலை மாற்றிக்கொண்டு, என் தரித்திர இந்தியில், "அந்தர் கோயி நஹி ஹை" என்றேன். உள்ளே யாருமில்லை!

பிறகு அவள் சொன்னாள்.

"ஓகே சார்."

கனத்த காலடிகள் வந்தன. நான் கண்களை மூடிக்கொண்டேன். காதுகளையும் மூடியிருக்கலாம், மூடவில்லை. ஓர் ஆண்குரல், ராமநாதபுரத்துத் தமிழில் கேட்டது.

"என்னத்தா, கையத் தூக்கிக்கிட்டு நிக்கிற? வாத்தியாரு தண்டனை குடுத்துட்டாரா?"

"அங்கிள்... அது கன்னா?"

"ஆமாத்தா, பெயிண்டு அடிக்கிற கன்னு. மஞ்சக் கோடு போடச் சொன்னாகளே, எந்த எடம்? ஒருத்தரையுங் காணோமே."

அவள் அழத் தொடங்கினாள். அந்த மனிதர் பதறிப்போய்த் தண்டனை கொடுத்த வாத்தியாரை ஏசினார். அவருக்கு விவரம் எதுவும் தெரியாது. ஆனால் ஏசியது சரியான ஆளைத்தான்.

நான் ஆய்வகத்தின் பின்கதவு வழியாக வெளியேறி, கட்டடத்தைச் சுற்றி ஓடி, வராந்தாவின் மறுகோடியிலிருந்து ரோந்து வருபவனைப்போல் விறைப்பாக நடந்து வந்தேன். நிலோஃபர் என்னைப் பார்த்தாள். என் கால்சட்டையின் முழங்கால்களில் தரையின் தூசி அப்பியிருந்தது. அதையும் பார்த்தாள்.

போலீசார் வந்தார்கள். ஒருவர் அந்தக் கன்னை வாங்கி விசையை அழுத்திப் பார்த்துத் தன் பூட்ஸை மஞ்சளாக்கிக்கொண்டார். எல்லோரும் சிரித்துத் தேநீர் குடித்தோம். பள்ளி நொடியில் அடங்கிய ஒழுங்கைப் பிரின்சிபால் மேடம் மெச்சி என் கையைக் குலுக்கினார்.

பிறகு ஒரு கேள்வி எழுந்தது. ஒரு குழந்தை மட்டும் எப்படி வெளியே நின்றது?

நிலோஃபரை அழைத்தார்கள். மணி அடித்ததும் ஏன் பக்கத்து அறைக்குள் ஓடவில்லை என்று பிரின்சிபால் மேடம் கடிந்துகொண்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சாரி மேம்" என்றாள். நான் தொண்டையைச் செருமினேன். இனி வகுப்பு நேரத்தில் யாரையும் தண்ணீர் குடிக்க அனுப்பக் கூடாது என்று ஆலோசனை சொன்னேன்! கேட்கிறீர்களா? அதைச் சொன்ன வாய் இதுதான். அந்த ஆலோசனையும் விதியாயிற்று. குவைத் வெயிலில், என்னால், ஒரு பள்ளியே தாகத்தோடு உட்கார்ந்திருந்தது.

பதவியை விட்டேனா? இல்லை. மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்குக்கூடப் பயிற்சி கொடுத்தேன். பதற்றப்படாமல் இருப்பது எப்படி என்பது பற்றி!

அந்த வருட முடிவில் நிலோஃபரின் குடும்பம் ஷார்ஜாவுக்கு மாறியது. மாற்றுச் சான்றிதழ் வாங்க உம்மாவோடு வந்தாள். அவள் உம்மா அலுவலகத்துக்குள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, அவள் வராந்தாவில் என்னெதிரே வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்கப் பல மாதங்களாக மனத்துக்குள் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"சார், அன்னைக்கு உங்களுக்கும் பயமா இருந்துச்சா?"

குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ள விரும்பினாள், அவ்வளவுதான். ஆமாம் என்று ஒரு சொல் போதும்... அந்தக் குழந்தைக்கு அதுவே போதுமாயிருந்திருக்கும்.

"பயமா? எனக்கா?" என்று சிரித்தேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்போ எனக்கு மட்டும்தான் போல," என்று சொல்லிவிட்டு உம்மாவிடம் போய் நின்றுகொண்டாள்.